கறிவேப்பிலை மரத்தடியில் ஒரு கீழ்க்காய்நெல்லி

"என்ர கலியாணம் குழம்பப்போகுது அக்கா. அதுவும் ஒரு கறிவேப்பிலை மரத்தால!"

டென்மார்க்கின் வைலே நகரில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தச் சின்ன அலுவலகத்துக்குள் துவாரகா வந்து சேர்ந்த விதம் இதுதான். வணக்கம் கிடையாது, இருக்கலாமா என்ற கேள்வியும் கிடையாது. கதிரையில் தொப்பென்று விழுந்தாள். மேசையில் ஆறிக்கொண்டிருந்த தேத்தண்ணியை, அது யாருடையது என்றும் பாராமல் எடுத்துக் குடித்தாள்.

தேத்தண்ணிக்குச் சொந்தக்காரி சுஜாந்தினி கோபிக்கவில்லை. காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடிக்கும் வேலை பார்த்தவள் அவள். ஒருநாள் மேலதிகாரியின் பொய்யையும் மோப்பம் பிடித்துவிட்டதால் வேலை போயிற்று. தனியாகத் துப்பறியும் தொழில் தொடங்கினாள். கோபப்படுகிறவர்களைப் பேச விட்டால் பாதித் துப்பு தானாக வந்துவிடும் என்பது அவளுடைய அனுபவம்.

அவளுடைய உதவியாளன் ஸ்ரிபனுக்கு அந்தப் பொறுமை இல்லை. முன்பு பீட்சா கொண்டுபோய்க் கொடுத்தவன். அந்த ஜூட்லாந்துப் பகுதியில் எந்த வீட்டு நாய் எந்தக் காலைக் கடிக்கும் என்று தெரியும். தலையில் முடி குறையக் குறைய வாய் நீண்டுகொண்டு வருகிற பிறவி.

"போன மாதம் காணாமல் போன பூனை," என்றான் ஸ்ரிபன். "அதுக்கு முதல் காணாமல் போன பல்லுச் செற். இப்ப மரம். அக்கா, நாங்கள் வளர்ந்துகொண்டு போறம்."

"அல்ஸோ!" என்று சீறினாள் துவாரகா. இங்கேயே பிறந்தவள், கோபம் வந்தால் முதலில் டேனிஷ்தான் வரும், தமிழ் பின்னால் மூச்சிரைக்க ஓடி வரும். "பகிடி இல்லை. அம்மா கலியாணத்தை நிப்பாட்டச் சொல்லிப்போட்டா. கலியாண ஹோல் எடுத்தாச்சு. கோயில், சேர்ச், ஐயர், பாதர் எல்லாருக்கும் சொல்லியாச்சு. மாத முடிவில கலியாணம். மாப்பிள்ளை ஜோன்சனோட நான் கதைச்சா, அம்மா அங்கால வானொலியைக் கூட்டி விடுறா!"

"முதல்ல இருந்து சொல்லும்," என்றாள் சுஜாந்தினி.

முதலில் இருந்து வந்தது கதை. இக்காஸ்ட் நகரில் துவாரகாவின் அம்மா சுசீலாதேவி வளர்த்த கறிவேப்பிலை மரம் ஊரறிந்தது. குளிர்காலம் முழுக்க வரவேற்பறையில் ஹீற்றருக்குப் பக்கத்தில் மகாராணி மாதிரி இருக்கும். கோடை வந்தால் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலுக்குப் போகும். இக்காஸ்டில் பொரிகிற வடைகளில் பாதி அந்த மரத்தின் இலையால்தான் மணக்கும். ஜூன் மாதம் சுசீலாதேவி லண்டனுக்கு ஒரு சாமத்தியவீட்டுக்கு, பெண் பிள்ளையின் பூப்பு விழாவுக்கு, போனார். திரும்பி வந்தபோது சாடியோடு மரத்தைக் காணவில்லை. கள்ளன் கொண்டுபோய்விட்டான் என்றார் அப்பா குணசேகரம்.

"அம்மா ரெண்டு கிழமை ஒழுங்காச் சாப்பிடேல்லை," என்றாள் துவாரகா. "போன சனிக்கிழமை பலகாரம் குடுக்கவெண்டு சொல்லாமல் கொள்ளாமல் கோல்டிங்குக்கு, ஜோன்சன்ர அம்மா மாக்கிரட் மாமியிட்டப் போனவ. மாமி வீட்டுக் கண்ணாடி அறைக்குள்ள நிக்குது மரம்! அதே உயரம், ரெண்டாப் பிரியிற அதே கவர். சாடி மட்டும் புதுசு."

"கறிவேப்பிலை மரம் எல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்கும்?"

"நானும் அதைத்தான் சொன்னன். ஆனா அம்மான்ர மரத்தடியில ஒரு சின்னப் புல் நிண்டது. கீழ்க்காய்நெல்லி. அம்மா யாழ்ப்பாணத்தில இருந்து விதை கொண்டு வந்து போட்டவ. செங்கமாரிக்குக் கைமருந்தாம். எங்கட வீட்டில ஒருத்தருக்கும் இந்த ஜென்மத்தில செங்கமாரி வந்ததில்லை, அது வேற கதை. மாமி வீட்டு மரத்தடியிலயும் கீழ்க்காய்நெல்லி நிக்குது. டென்மார்க்கில உது வேற எங்க இருக்கு எண்டு அம்மா கேக்கிறா."

தமிழ்நாட்டில் கீழாநெல்லி என்பார்களே, அதே சின்னப் பூண்டுதான்; செங்கமாரி என்பது அங்கே மஞ்சள்காமாலை. ஒரு வருடத்துக்குள் முளைத்து, பூத்து, காய்த்து, போய்ச் சேருகிற சாதி.

"மாமி என்ன சொன்னா?"

"அதுதான் அக்கா வில்லங்கம். மாமி ஒண்டுமே சொல்லேல்லை! களவெடுத்தனீங்களோ எண்டு அம்மா கேட்டதுக்கு, இல்லை எண்டுகூடச் சொல்லேல்லை. உடன அம்மா வாட்ஸ்அப் குறூப்பில குரல் பதிவு போட்டா. 'கோல்டிங் மாக்கிரட் ஒரு கள்ளி' எண்டு. இக்காஸ்ட், ஹேர்னிங், கோல்டிங், எல்லாச் சனமும் கேட்டிட்டுது."

ஸ்ரிபன் எழுந்து கார்ச் சாவியை எடுத்தான். "ஒரு புல்லு ஒரு கலியாணத்தை நிப்பாட்டிப் போட்டுதோ? இந்தப் புல்லை நான் நேரில பாக்கவேணும்."

"நீர் நேர இக்காஸ்டுக்குப் போம்," என்று துவாரகாவிடம் சொன்னாள் சுஜாந்தினி. "அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில நிக்கவேணும். நாங்கள் கோல்டிங் போயிட்டு அங்க வாறம்."

கோல்டிங்கில் மாக்கிரட் கதவைத் திறந்தார். மன்னார்க்காரி. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். காது கேளாத டேனிஷ் கிழவர்கள்கூட அவர் வருகிற ஓசைக்கு எழுந்து உட்காருவார்கள் என்று கேள்வி. இன்றும் குரலுக்குக் குறைவில்லை.

"வாங்கோ பிள்ளையள்! வெயில் குடிச்சுக்கொண்டு வந்திருக்கிறியள். இருங்கோ. தேத்தண்ணியோ கோப்பியோ? தம்பி, நீர் மெலிஞ்சு போனீர். இல்லை, மெலியேல்லை, அது சேட்டு."

"அக்கா, அந்தக் கறிவேப்பிலை மரம்..." என்று தொடங்கினாள் சுஜாந்தினி.

மாக்கிரட்டின் வாய் பட்டென்று மூடிக்கொண்டது. கை கழுத்தில் கிடந்த செபமாலையைப் பிடித்தது. கண் மட்டும் தளும்பியது.

"எங்க வாங்கினது?"

மாக்கிரட் தேத்தண்ணிப் பானையைக் கையில் எடுத்தார்.

"ஆரும் தந்ததோ?"

மாக்கிரட் தேத்தண்ணி ஊற்றினார். கோப்பை நிரம்பியது. ஊற்றுவது நிற்கவில்லை. தட்டு நிரம்பி மேசைக்கு வந்தது.

"மன்னார்ப் பக்கம் இப்பிடித்தான் விருந்தோம்பல் நிரம்பி வழியும்," என்றான் ஸ்ரிபன், காலைத் தூக்கிக்கொண்டு.

சுஜாந்தினி எழுந்து கண்ணாடி அறைக்குப் போனாள். மரம் அங்கே கம்பீரமாக நின்றது. துவாரகா அனுப்பியிருந்த பழைய படத்தைக் கைப்பேசியில் எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். உயரம் சரி. இடுப்பளவில் இரண்டாகப் பிரியும் கவர் சரி. இடப்பக்கக் கிளை கொஞ்சம் குட்டை, அதுவும் சரி. ஸ்ரிபனின் முகம் தொங்கிப் போயிற்று. மாக்கிரட்டை அவனுக்குப் பிடித்துப் போயிருந்தது.

"அக்கா, நாங்கள் கேஸைத் தோத்துப்போட்டு வீட்ட போவமோ?"

"பொறு. புல்லைப் பாப்பம்."

சாடியின் ஓரத்தில் ஒரு சாண் உயரத்தில் நின்றது அது. பார்வைக்கு ஒரு புளியங்கன்றின் குழந்தை. இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்ன இலைகள். சுஜாந்தினி முழங்காலில் இருந்து ஒரு கிளையை மெல்லத் திருப்பினாள். அடியில் ஒவ்வோர் இலையின் காம்பிடுக்கிலும் கடுகுக்கும் சின்னதாகப் பச்சை கலந்த வெள்ளைப் பூ. சில இடத்தில் உருண்டைக் காய்.

"மேல இருந்து பாத்தா ஒண்டும் இல்லை," என்றான் ஸ்ரிபன் குனிந்து. "கீழ பாத்தா ஒரு குடும்பமே குடியிருக்கு. வாடகை குடுக்காத ஆக்கள் போல."

"பேரே அதுதானே. கீழே காய்க்கிறது." அவள் பையில் இருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தாள். காய்களைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு மரத்தின் வெட்டுக் காயங்களை விரலால் தடவினாள். வெட்டிய இடங்கள் இன்னும் வெளுப்பாக, புதிதாக இருந்தன. கொப்புகளை வெட்டி அதிக நாள் ஆகவில்லை.

"சரி," என்று எழுந்தாள். "மாக்கிரட் அக்கா, சப்பாத்தைப் போடுங்கோ. மரமும் நீங்களும் எங்களோட இக்காஸ்டுக்கு வாறியள்."

மாக்கிரட் திடுக்கிட்டார். "அங்கயோ? அந்த மனுசி என்னைக் கண்டா..."

"அவ கேக்கிற ஒண்டுக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். ஆருக்கோ சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கிறியள் எண்டு நீங்கள் செபமாலையைப் பிடிக்கிற பிடியிலயே தெரியுது. ஆரெண்டு நான் கேக்கமாட்டன். வந்து நிண்டாக் காணும்."

மாக்கிரட் போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தார்.

ஸ்ரிபனின் கார் பழையது. பின் இருக்கையில் ஒரு பக்கம் மாக்கிரட், மறுபக்கம் மரம். மரத்துக்கும் இருக்கைப் பட்டி போட்டான். உச்சிக் கொப்பு ஜன்னலுக்கு வெளியே ஆடிக்கொண்டு வந்தது. நெடுஞ்சாலையில் ஒரு பாரவூர்திச் சாரதி ஹோன் அடித்துக் கை காட்டினான்.

"பொலிஸ் மறிச்சா, பயணி ஒராள்தான், மற்றது சமையல் சாமான் எண்டு சொல்லுவன்," என்றான் ஸ்ரிபன்.

மாக்கிரட் செபம் சொல்லிக்கொண்டு வந்தார். இடையில் ஒருதரம், "தம்பி, வளைவில மெல்லப் போம், அது பாவம்," என்றார். யாரைச் சொன்னார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கை மரத்தை அணைத்துப் பிடித்திருந்தது. களவெடுத்த சாமானை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை என்று சுஜாந்தினி நினைத்துக்கொண்டாள். ஆனால் நினைப்பு சாட்சியாகாது. சுசீலாதேவியை மடக்க அதைவிட நல்ல சாமான் வேண்டும்.

இக்காஸ்டுக்கு வெளியே வரிசை வரிசையாக வாடகைத் தோட்டங்கள். குணசேகரத்தின் தோட்டத்தை எட்டத்திலேயே கண்டுபிடிக்கலாம். நெசவு ஆலையில் உழைத்து ஓய்வுபெற்ற மனிதர். நூல் பிசகாத கை. பாதையில் பதித்த கற்களுக்கு நடுவில் ஒரு பச்சைப் பொட்டுக்கூடக் கிடையாது. பக்கத்துத் தோட்டத்து டேனிஷ்காரரின் பாதையும் அப்படியே சுத்தம்.

"இந்தாள் தலைமுடியையும் இப்பிடித்தான் பராமரிக்கிறாரோ?" என்று ஸ்ரிபன் முணுமுணுத்தான். குணசேகரம் அப்போதுதான் தொப்பியைக் கழற்றினார். வழுக்கை பளபளத்தது. ஸ்ரிபன் தன் தலையைத் தடவிக்கொண்டான்.

மாக்கிரட் காரிலிருந்து இறங்கியதும் வெடித்தது வெடி.

"கள்ளியையும் மரத்தையும் சேர்த்தே கொண்டு வந்திட்டியளோ? நல்லது!" சுசீலாதேவி இடுப்பில் சீலையைச் செருகிக்கொண்டு நின்றார். "துவாரகா, பாத்தியே? வாயைத் திறக்கிறாவோ பார்!"

"அம்மா, ப்ளீஸ்!" என்றாள் துவாரகா. அவள் கண் சிவந்து வீங்கியிருந்தது. "நான் கலியாணம் கட்டப்போறது மரத்தை இல்லை!"

"கள்ளி வீட்டுக்கு மருமகளாப் போக விடமாட்டன். விடவே மாட்டன்!"

குணசேகரம் தொப்பியை மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார். "எல்லாரும் உள்ளுக்கு வாங்கோவன், தேத்தண்ணி போடட்டே?" என்றார் யாரையும் பாராமல்.

"தேத்தண்ணி பிறகு அண்ணை," என்றாள் சுஜாந்தினி. "சுசீலா அக்கா, மரம் நிண்ட இடத்தைக் காட்டுங்கோ."

கண்ணாடிக் குடிலுக்குள் மிளகாய்ச் செடிகளும் பாகற்கொடியும் நெருக்கியடித்து நின்றன. ஓரத்தில் ஒரு வெறுமையான இடம். சுசீலாதேவி அதைக் காட்டினார். காட்டியவர் அதோடு நிற்கவில்லை. பக்கத்து மிளகாய்ச் சாடியைத் தூக்கித் துப்பறிவாளரின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இஞ்ச பாரும் பிள்ளை! இது என்ன? கீழ்க்காய்நெல்லி! என்ர மரத்தடியில நிண்டதின்ர பிள்ளை. காய் முத்தினா டப்பெண்டு வெடிச்சு விதை தெறிக்கும். பக்கத்துச் சாடியில விழுந்து முளைச்சிருக்கு. அவ வீட்டில நிக்கிறதும் இதுதான். இதைவிட என்ன சாட்சி வேணும்?"

சுஜாந்தினியின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. சாட்சியைத் தேடி இவ்வளவு தூரம் வந்தவள் அவள். எதிர்க்கட்சியே தட்டில் வைத்து நீட்டுகிறது.

"அருமையான சாட்சி அக்கா. ரெண்டையும் பக்கத்தில வைப்பம். ஸ்ரிபன், மரத்தைக் கொண்டு வா."

மரம் வந்தது. மிளகாய்ச் சாடியும் மரத்தின் சாடியும் பக்கத்தில் பக்கத்தில். எல்லோரும் குனிந்தார்கள். குணசேகரம் மட்டும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"உங்கட புல்லைத் திருப்பிப் பாருங்கோ," என்று உருப்பெருக்கியைச் சுசீலாதேவியின் கையில் கொடுத்தாள் சுஜாந்தினி. "காய் எங்க இருக்கு?"

"இலைக்கு அடியில. இடுக்கில ஒட்டிக்கொண்டு."

"காம்பு?"

"காம்பு எங்க இருக்கு? இருக்கு எண்டு பேருக்குக் கொஞ்சம்."

"இப்ப மாக்கிரட் அக்கான்ர புல்லு."

சுசீலாதேவி திருப்பினார். பார்த்தார். கண்ணாடியைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதுக்கு... காம்பு நீளமா இருக்கு. நூல் மாதிரி. காய் தொங்குது."

"அது தோடு," என்றான் ஸ்ரிபன். "இது ஜிமிக்கி."

"அதேதான்," என்றாள் சுஜாந்தினி. "இலையையும் பாருங்கோ. உங்கடது ஒடுக்கம், நுனி வட்டம். இது நடுவில அகண்டு நுனி கூருது. மேல இருந்து பாத்தா ரெண்டும் ஒண்டு. கீழ பாத்தாத்தான் ஆள் வேற. ஒரே குடும்பம், பிறந்த ஊர் வேற. இந்த ஜிமிக்கிக்காரி ஐரோப்பாவில நாற்று வளர்க்கிற பெரிய கண்ணாடி வீடுகளில கள்ளமாக் குடியிருக்கிறவ. அங்க அவவைக் களை எண்டு பிடுங்குவினம். ஆனா அவவும் விதையை வெடிச்சு எறியிறவ. ஒரு சாடியில பிடுங்கினா ஒன்பது சாடியில முளைப்பா. கடைக்கு வாற செடியளோட சேர்ந்து ஊர் ஊராப் போவா."

சுசீலாதேவி உருப்பெருக்கியை மெல்லக் கீழே இறக்கினார்.

"அப்ப இந்த மரம்..." சுசீலாதேவியின் குரல் இறங்கியது.

"இது ஒரு நாற்றுப்பண்ணையில வாங்கின மரம். உங்கட மரம் இல்லை. மாக்கிரட் அக்கா ஒண்டையும் களவெடுக்கேல்லை."

துவாரகா மாக்கிரட்டைக் கட்டிப்பிடித்தாள். மாக்கிரட் அழுதார், ஆனாலும் வாய் திறக்கவில்லை. சுசீலாதேவி ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். சும்மா உட்காரவில்லை, விட்டுக்கொடுக்கிற ஆளில்லை அவர்.

"அப்ப ஏன் வாயை மூடிக்கொண்டு நிண்டவ? வாங்கினனான் எண்டு சொன்னா முடிஞ்சுதே! அதோட அந்தக் கவர்? அந்தக் குட்டைக் கிளை? கடையில வாங்கின மரம் எப்பிடி என்ர மரம் மாதிரியே நிக்கும்?"

"நல்ல கேள்வி. எனக்கும் அதுதான் தலையைக் குடைஞ்சது," என்றாள் சுஜாந்தினி. "வெட்டுக் காயம் எல்லாம் புதுசு. கொப்புகளை வெட்டி இந்த வடிவத்துக்குக் கொண்டு வந்திருக்கினம். யோசிச்சுப் பாருங்கோ அக்கா. கள்ளன் மரத்தை வெட்டினா எதுக்கு வெட்டுவான்?"

"அடையாளம் தெரியாமல் இருக்க."

"ஓம். ஆனா இந்த மரத்தை வெட்டினது அடையாளம் *தெரியிறதுக்கு*. உங்கட மரம் மாதிரியே இருக்கவேணும் எண்டு பாத்துப் பாத்து வெட்டியிருக்கு. கள்ளன் செய்யிற வேலையோ இது? உங்கட மரத்தின்ர இடத்தில ஒரு மரத்தைத் திருப்பி வைக்க நினைக்கிற ஆள் செய்யிற வேலை. அந்த மரம் இனி வராது எண்டு தெரிஞ்ச ஆள்."

அவள் குனிந்து, மரம் நின்ற வெறுமையான இடத்தைத் தடவினாள். சாடி நின்ற வட்டம் மட்டும் சுத்தமாக இருந்தது. அதைச் சுற்றித் தரையில் வெள்ளையாக ஒரு படலம். விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"அக்கா!" என்று அலறினான் ஸ்ரிபன். "பின்னேரச் சாப்பாடு நான் வாங்கித் தாறன், தரையை விடுங்கோ!"

"உப்பு," என்றாள் சுஜாந்தினி. "கொஞ்சம் வினாகிரி வாசமும் அடிக்குது. வெளியில பாதையில கல்லுக்கு நடுவில ஒரு புல்லும் இல்லை. பக்கத்துத் தோட்டத்திலயும் இல்லை. பக்கத்து டேனிஷ்காரர் புல்லைக் கொல்ல நல்ல வைத்தியம் ஒண்டு சொல்லித் தந்திருக்கிறார் போல. என்ன குணசேகரம் அண்ணை?"

எல்லாத் தலைகளும் திரும்பின.

குணசேகரம் தொப்பியைக் கையில் வைத்துப் பிழிந்துகொண்டு நின்றார்.

"களையெண்டு நினைச்சனப்பா," என்றார் மனைவியைப் பார்த்து. "நீ லண்டன் போகேக்க தண்ணி மட்டும் விடச் சொன்னனி. நான்... கொஞ்சம் கூடச் செய்வம் எண்டு... மரத்தடியில புல்லு நிண்டது. வினாகிரியும் உப்பும் கலந்து ஊத்தினன். புல்லு செத்துது. சந்தோசமா இருந்துது. நாலு நாளில மரமும் செத்துது."

"ஐயோ!" என்றார் சுசீலாதேவி.

"கொமூன் நகரசபையின்ர குப்பை இடத்தில கொண்டுபோய்க் கண்ணீரோட போட்டன். உன்னட்டச் சொல்லப் பயம். நீ அந்த மரத்தோட கதைக்கிறனி, பிள்ளையளோட கதைக்கிறதைவிட. கள்ளன் எண்டு சொன்னன். பிறகு கோல்டிங் போய் மாக்கிரட்டின்ர காலில விழாத குறை. அவதான் என்னோட ஓடென்சேப் பக்கம் பண்ணைக்கு வந்தவ. எங்கட மரம் மாதிரி நான் கொப்பு வெட்டி, அவ வீட்டில வைச்சு வளர்த்துத் தேற்றி, ஒருநாள் காலமை எங்கட வாசலில வைப்பம், கள்ளன் மனந்திரும்பிக் கொண்டு வந்து வைச்சான் எண்டு நீ நினைப்பாய் எண்டு..."

"அந்தப் புல்லு?" என்று கேட்டான் ஸ்ரிபன், ஆர்வம் தாங்காமல்.

குணசேகரத்தின் முகத்தில் அந்த நிலையிலும் ஒரு சின்னப் பெருமை தெரிந்தது. "அங்க எத்தினையோ மரம் நிண்டது தம்பி. ஒரு சாடியில மட்டும் கீழ்க்காய்நெல்லி நிண்டது. கடவுளே தந்தது எண்டு நினைச்சன். பண்ணைக்காரன் பிடுங்கப் போனான். வேண்டாம் வேண்டாம் எண்டு கத்தி அவன்ர கையைப் பிடிச்சன். புல்லோட மரம் கேட்ட ஒரே வாடிக்கையாளன் நான்தானாம்."

ஸ்ரிபன் மிளகாய்ச் செடிக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டான். முதுகு குலுங்கியது.

சுசீலாதேவி சிரிக்கவில்லை. வாளியிலிருந்து எழுந்தார். புருஷனைத் தாண்டிப் போனார், ஒரு தூணைத் தாண்டிப் போகிற மாதிரி. மாக்கிரட்டின் முன் போய் நின்றார்.

"உவருக்கு நீங்கள் சத்தியம் பண்ணிக் குடுத்தனீங்களோ?"

மாக்கிரட் குணசேகரத்தைப் பார்த்தார். அவர் தலையாட்டினார்.

"மடு மாதா மேல," என்றார் மாக்கிரட். எத்தனையோ நாள் அடைபட்டுக் கிடந்த குரல் கரகரத்தது. "உங்களுக்குச் சொல்லமாட்டன் எண்டு. நீங்கள் பலகாரத் தட்டோட வந்து நிக்கேக்க என்ர உயிர் போட்டுது. மாதா மேல பண்ணின சத்தியத்தை எப்பிடி முறிக்கிறது? பேசிப்போட்டுப் போகட்டும், ஒருநாள் அந்தாள் தானாச் சொல்லும் எண்டு நிண்டன். ஆனா அந்தாள் சொல்லேல்லை. பிள்ளையளின்ர கலியாணமும் போப்போகுது எண்டு நினைச்சு நான் நித்திரை கொள்ளேல்லை சுசீலா."

தான் என்ன செய்தோம் என்பது அப்போதுதான் சுசீலாதேவிக்கு உறைத்தது. நல்ல மனுஷியை ஊர் முழுக்கக் கேட்கக் கள்ளி என்றாயிற்று. வெட்கத்தில் முகம் சிவந்து, காது வரை சுட்டது.

"நான் ஊருக்குக் கேட்கப் பேசினனான்," என்றார். "காதுக்குள்ள மன்னிப்புக் கேட்டுச் சரிவராது."

கைப்பேசியை எடுத்தார். அதே வாட்ஸ்அப் குறூப். குரல் பதிவுப் பொத்தானைப் பெருவிரலால் அமுக்கிப் பிடித்தார்.

"வணக்கம். சுசீலாதேவி கதைக்கிறன். போன கிழமை மாக்கிரட்டைக் கள்ளி எண்டு இதிலதான் சொன்னனான். அது பெரிய பொய், பெரிய பாவம். என்ர மரத்தை ஒருத்தரும் களவெடுக்கேல்லை. என்ர மனுசன் உப்பும் வினாகிரியும் ஊத்தி ஊறுகாய் போட்டவர். அவரைக் காப்பாத்த இந்த மனுசி வாயை மூடிக்கொண்டு என்ர பேச்செல்லாம் கேட்டவ. நானா இருந்தா அரை நிமிசம் பொறுத்திருக்கமாட்டன். எல்லாரும் கேளுங்கோ, நான் இவவிட்ட மன்னிப்புக் கேக்கிறன். கலியாணம் சொன்ன நாளில நடக்கும்..."

"அங்கால நகருங்கோ சுசீலா, நானும் ஒண்டு சொல்லவேணும்," என்று மாக்கிரட் கைப்பேசிக்குக் கிட்ட வந்தார். சத்தியம் விட்டுப்போன உற்சாகத்தில் பழைய குரல் முழுதாகத் திரும்பியிருந்தது. "பண்ணையில நான் தலைப்பாடா அடிச்சுக்கொண்டனான், பக்கத்தில நிக்கிற நல்ல கொழுத்த மரத்தை எடுங்கோ எண்டு! கேட்டாரோ இந்தாள்? மரத்தையே பாக்கேல்லை. சாடி சாடியாக் குனிஞ்சு புல்லைப் பாத்துக்கொண்டு போறார்! பண்ணைக்காரன் என்னைக் கேக்கிறான், உங்கட மனுசனுக்கு முதுகு நோவோ எண்டு! ஐயோ சாமி, இவர் என்ர மனுசன் இல்லை எண்டு சொல்லி முடிக்க நான் பட்டபாடு..."

சுசீலாதேவி பொத்தானை அமுக்கியபடியே சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. சிரிப்பு அழுகையாயிற்று, மாக்கிரட்டின் தோளில் முகத்தை வைத்து அழுதார், மறுபடி சிரித்தார். "சம்பந்தி, என்னை மன்னியுங்கோ சம்பந்தி," என்றார். குணசேகரம் பின்னால் நின்று, "என்னையும் ஆராவது மன்னியுங்கோவன்," என்றார். "நீங்கள் வாயைப் பொத்துங்கோ!" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். துவாரகா டேனிஷிலும் தமிழிலும் மாறி மாறிக் கூவிக்கொண்டு ஜோன்சனை அழைக்க வெளியே ஓடினாள்.

அதற்குப் பிறகுதான் சுசீலாதேவி பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். பதிவு முழுசாகப் போய்ச் சேர்ந்தது, சிரிப்பும் அழுகையும் கத்தலும் எல்லாமாக. இக்காஸ்டில், ஹேர்னிங்கில், கோல்டிங்கில், இரவு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர்களும் வேலை விட்டு வந்தவர்களும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். கலியாணத்துக்கு வருவதாக முன்பு பதில் சொல்லாதிருந்தவர்களும் அன்றிரவுக்குள் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.